எட்டாம் கட்டளையும் செய்தித்தாளும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



பத்துக் கட்டளைகளைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். எட்டாம் கட்டளை எது என்று மறைக்கல்விப் பிள்ளைகளிடம் கேட்டால், பொய் சொல்லக் கூடாது என்று உடனே பதில் வரும். பதில் சரிதான். ஆனால் விடுதலைப் பயண நூலும் இணைச்சட்ட நூலும் இன்னும் குறிப்பாகப் பேசுகின்றன. அடுத்திருப்பவருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்வதை அவை தடை செய்கின்றன. சான்று என்பது வழக்கு மன்றத்துச் சொல். ஊர் வாயிலில் மூப்பர்கள் அமர்ந்து வழக்குக் கேட்ட அந்தக் காலத்தில், சாட்சியின் ஒரு வார்த்தையால் ஒருவருடைய நிலம் போகலாம், மானம் போகலாம், உயிரே போகலாம். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாபு அரசன் கைக்கு எப்படிப் போனது? அதற்காக ஈசபேல் படை அனுப்பவில்லை. கடிதம் எழுதினாள், இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். ஒரு நேர்மையான மனிதரைக் கல்லெறிந்து கொல்ல அதுவே போதுமாயிற்று.

இன்று நாம் ஊர் வாயிலில் கூடி வழக்குக் கேட்பதில்லை. ஆனால் சான்று சொல்லும் வேலையின் பெரும்பகுதி செய்தியாளர்களின் கைக்கு வந்திருக்கிறது. நாம் போகாத ஊருக்கு அவர்கள் போகிறார்கள். நாம் பாராததைப் பார்த்து வந்து சொல்கிறார்கள். அவர்கள் சொன்னதை வைத்துத்தான் ஒரு மனிதரை, ஓர் ஊரை, ஒரு சமூகத்தையே நாம் எடை போடுகிறோம். ஆகவே செய்தி என்ற பெயரில் கற்பனையை எழுதுவது தொழில் தவறு என்பதோடு முடிந்துவிடுவதில்லை. எட்டாம் கட்டளையை நேரடியாக மீறுகிற செயல் அது. இது எப்படி நடக்கிறது, யாரைக் காயப்படுத்துகிறது, கேட்பவருக்கு இதில் என்ன பங்கு என்பதை இன்று சேர்ந்து சிந்திப்போம்.

முதலில், அமெரிக்காவில் நடந்த ஒன்று. 1980 செப்டம்பர் 28 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜேனட் குக் என்ற இளம் செய்தியாளர். ஜிம்மி என்றொரு சிறுவன், வயது 8, ஹெராயின் என்ற போதை மருந்துக்கு அடிமை, வீட்டுக்குள்ளேயே அவன் கையில் ஊசி ஏற்றப்படுகிறது என்று அந்தக் கட்டுரை சொன்னது. வாசித்தவர்கள் பதறிப்போனார்கள். காவல்துறையும் நகர நிர்வாகமும் அந்தப் பிள்ளையைத் தேடி அலைந்தன. பிள்ளை கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 13 அன்று பத்திரிகைத் துறையின் உயர்ந்த விருதான புலிட்சர் விருது அந்தக் கட்டுரைக்கு அறிவிக்கப்பட்டது. விருதோடு அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் வெளியானபோது, அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகையைச் சேர்ந்தவர்கள் அதிலிருந்த படிப்பு விவரங்கள் பொருந்தவில்லையே என்று கவனித்தார்கள். ஒரு நூலைப் பிடித்து இழுக்க, முழுத் துணியும் பிரிந்து வந்தது. ஜிம்மி என்ற சிறுவனே இல்லை. இரண்டே நாளில் விருது திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 'அந்த நகரத்தில் போதைப் பழக்கம் இருந்தது உண்மைதானே? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்று நம் பெரியவர்களே சொல்கிறார்கள். ஒரு நல்ல காரியத்துக்காக ஒரு கதை சொன்னால் என்ன?' நடந்ததைப் பாருங்கள். இல்லாத ஒரு பிள்ளைக்காக ஒரு நகரம் அழுதது, அதன் காவலர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். இருக்கிற பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய கவலையையும் உழைப்பையும் அந்தப் பொய் எடுத்துக்கொண்டது. நாளை உண்மையான ஒரு பிள்ளையின் துன்பத்தை உண்மையான ஒரு செய்தியாளர் எழுதினால், 'இதுவும் அதுபோல ஒரு கதையாக இருக்குமோ' என்ற சந்தேகம் முந்திக்கொண்டு வந்து நிற்கும். பொய் உண்மைக்குத் துணையாக வருவதுபோல் வந்து, உண்மையின் வாயை அடைத்துவிட்டுப் போகிறது.

இரண்டாவது, ஜெர்மனியில் நடந்தது. ஹாம்பர்க் நகரிலிருந்து வெளிவரும் 'டெர் ஸ்பீகல்' 1947இல் தொடங்கப்பட்ட வார இதழ். உள்ளதை உள்ளபடி சொல்வது என்பதே அதன் நிறுவனர் ருடோல்ஃப் ஆக்ஸ்டைன் விட்டுச்சென்ற கொள்கை. அச்சுக்குப் போகும் முன் தகவல்களைச் சரிபார்ப்பதற்கென்றே ஏறத்தாழ 60 பேர் கொண்ட ஒரு பிரிவு அங்கே உண்டு. அந்த இதழில் கிளாஸ் ரெலோட்டியுஸ் என்ற இளம் செய்தியாளர் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 60 கட்டுரைகள் எழுதினார். விருதுமேல் விருது பெற்றார். 2018 டிசம்பர் தொடக்கத்தில்கூட அவருக்கு ஒரு விருது கிடைத்தது. அதே மாதம் 19ஆம் நாள், அந்த இதழே தன் வாசகர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியதாயிற்று. தங்கள் செய்தியாளர் மனிதர்களையும் உரையாடல்களையும் காட்சிகளையும் தாமாகவே புனைந்து எழுதினார், குறைந்தது 14 கட்டுரைகளில் இது நடந்திருக்கிறது என்பதே அந்தச் செய்தி.

அவற்றில் ஒரு கட்டுரையை மட்டும் பார்ப்போம். 2016இல் டொனால்டு டிரம்ப் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, எப்படிப்பட்ட மக்கள் இவருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று ஐரோப்பாவில் பலர் வியந்தார்கள். ரெலோட்டியுஸ் மினசோட்டா மாநிலத்தில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 13,000 பேர் வாழும் ஊர். அவர் அங்கே சில வாரங்கள் தங்கியும் இருந்தார். திரும்பிப்போய் என்ன எழுதினார்? ஊர் எல்லையில் மெக்சிகோ நாட்டவர் உள்ளே வரக் கூடாது என்று ஒரு பலகை நிற்பதாக எழுதினார். அப்படி ஒரு பலகை இல்லை. நகர நிர்வாகியாக இருந்த இளைஞர் வாழ்நாளில் கடலையே கண்டதில்லை என்று எழுதினார். அவர் கடலைக் கண்டவர். இல்லாத ஒரு தொழிலாளிக்குப் பெயரும் கதையும் கொடுத்தார். மொத்தத்தில், உலகம் தெரியாத, அந்நியரை வெறுக்கிற ஓர் ஊராக அதைக் காட்டினார். அந்த ஊர்க்காரர் இருவர் அந்தக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எதெல்லாம் பொய் என்று பின்னர் வெளியிட்டார்கள்.

அன்புக்குரியவர்களே, பொய்ச்சான்று என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பேர் இருக்கிற, முகம் இருக்கிற மனிதர்கள். தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை உடனே வாசிக்கக்கூட முடியாத மொழியில், தாங்கள் இல்லாத இடத்தில், பல இலட்சம் பேர் முன்னிலையில் அவர்களுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது. அவர்களிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அறுபது பேர் சரிபார்த்தும் இது எப்படித் தப்பியது? இந்தத் தீமை எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் விளங்கும். முதலாவது, பொய் எப்போதும் உண்மையோடு கலந்தே வரும். ஊரின் பெயர் உண்மை, அதிபர் தேர்தல் உண்மை, தெருவும் கட்டடமும் உண்மை. பாலில் தண்ணீர் கலப்பவர் பாலை முழுவதும் எடுத்துவிடுவதில்லை அல்லவா? இரண்டாவது, ஓர் ஊரின் மக்கள்தொகையை, ஓர் ஆண்டை, ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தொலைவை அலுவலகத்தில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். தூர தேசத்து ஏழை ஒருவர் செய்தியாளரிடம் தனியாக என்ன சொன்னார் என்பதை அப்படிச் சரிபார்க்க முடியாது. அங்கே நம்பிக்கைதான் ஆதாரம். அந்த நம்பிக்கை வழியாகவே பொய் நுழைந்தது. மூன்றாவது காரணமே முக்கியமானது. அந்தக் கட்டுரைகள் வாசகர்களும் ஆசிரியர்களும் ஏற்கனவே எதை நம்பினார்களோ அதையே அழகாகச் சொல்லின. நாம் நினைத்தது சரிதான் என்ற திருப்தியைத் தந்தன. திருப்தி வந்த இடத்தில் கேள்வி எழுவதில்லை.

இந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவரும் ஒரு செய்தியாளரே. ஹுவான் மொரேனோ, அந்த இதழுக்கு ஒப்பந்த முறையில் எழுதி வந்தவர். 2018இல் அமெரிக்க எல்லை பற்றிய ஒரு கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுத வேண்டியிருந்தது. ரெலோட்டியுஸ் எழுதிய பகுதியில் சில விவரங்கள் மொரேனோவுக்கு ஒட்டவில்லை. மேலிடத்தில் சொன்னார். அவர்கள் முதலில் நம்பவில்லை. புகழ்பெற்ற சக செய்தியாளர்மேல் பொறாமையோ என்று அவரையே சந்தேகித்தார்கள். குடும்பம் உள்ள மனிதர். நிரந்தர வேலை இல்லாதவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் சொந்தச் செலவில் அமெரிக்காவில் அந்தக் கட்டுரையில் வந்த மனிதர்களைத் தேடிப் போனார். ரெலோட்டியுஸின் படத்தைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டார். பார்த்ததே இல்லை என்றார்கள். அந்த ஒரு கேள்வியில் மாளிகை சரிந்தது.

தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் நாம் வாசிக்கிற சூசன்னாவின் வரலாறு அது. மதிப்புக்குரிய மூப்பர் இருவர், தங்கள் விருப்பத்துக்கு இணங்காத ஒரு பெண்மேல் விபசாரக் குற்றம் சுமத்துகிறார்கள். சொன்னவர்கள் பெரியவர்கள், மக்களின் நீதிபதிகள் என்பதால் கூட்டம் நம்பிவிடுகிறது. சாவுத் தண்டனையும் விதித்துவிடுகிறது. இளைஞரான தானியேல் என்ன செய்தார்? வானிலிருந்து அடையாளம் எதையும் கேட்கவில்லை. இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். சூசன்னா உயிர் பிழைத்தார். தூய ஆவியார் எழுப்பிவிட்ட அந்த இளைஞரின் இறைவாக்குப் பணி, இந்த இடத்தில், ஒரு சாதாரண விசாரணையாக இருந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊர்ப் பழமொழி சொல்வதைத்தான் தானியேல் செய்தார். தீர விசாரிப்பது சந்தேகப் புத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே இல்லாத ஒரு மனிதருக்காக நாம் செய்கிற அன்புச் செயல் அது.

இனி கேட்பவரின் பங்குக்கு வருவோம். சூசன்னாவைக் கல்லெறிய எழுந்த கூட்டத்தில் எவரும் பொய் சொல்லவில்லை. கேட்டார்கள், நம்பினார்கள், அவ்வளவுதான். அவர்கள் குற்றமற்றவர்களா? கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் பிறருடைய நற்பெயருக்கு எதிரான மூன்று குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. உண்மைக்கு மாறானதைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது அவதூறு. உண்மையான குறையையே தக்க காரணமின்றி, அறியாதவரிடம் போய்ச் சொல்வது புறங்கூறல். இவை இரண்டும் நாவின் குற்றங்கள். மூன்றாவது, போதிய ஆதாரமின்றிப் பிறருடைய ஒழுக்கக் குறையை உண்மை என்று மனத்துக்குள்ளேயே ஏற்றுக்கொள்வது. இது காதும் மனமும் செய்கிற குற்றம். ஒரு வார்த்தை பேசாமலே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டாம் கட்டளையை மீறிவிட முடியும் என்று திருஅவை நமக்குச் சொல்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2018ஆம் ஆண்டின் உலக சமூகத்தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைப் பற்றியே எழுதினார். செய்தியாளர்களின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருவிழாவான ஜனவரி 24 அன்று அது வெளியானது. தொடக்கநூலின் பாம்பைத் திருத்தந்தை அதில் எடுத்துக்காட்டினார். பாம்பு முழுப் பொய்யோடு ஏவாளிடம் வரவில்லை. கடவுள் உண்மையில் சொன்ன கட்டளையை எடுத்து, அதைச் சற்றுத் திருப்பி, நண்பனைப்போல் பேசியது. பொய்ச் செய்தியும் நம் முற்சார்பு எண்ணங்களைத் தட்டி எழுப்பி, பயத்தையும் கோபத்தையும் வெறுப்பையும் தூண்டி நம்மைப் பிடிக்கிறது என்றார். இதற்குச் சிறந்த மருந்து நல்ல மனிதர்களே என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

அதே 2018ஆம் ஆண்டு மே மாதம், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே என்ன நடந்தது என்பதை நாம் மறக்க முடியாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற புரளி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டி வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்தப் புரளியை ஏற்கனவே நம்பியிருந்தவர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அந்தப் புரளியை எழுதியது எந்தப் பத்திரிகையும் அல்ல. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு அனுப்பிய சாதாரண மக்களே அன்று செய்தியாளர்களாக இருந்தார்கள். பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் பலரும் அனுப்பியிருப்பார்கள். மிட்டாய் கொடுத்த பாட்டியின் உயிரை அந்த நல்ல எண்ணம் காப்பாற்றவில்லை. கைபேசி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இன்று ஊர் வாயிலில் சாட்சிக் கூண்டில் நிற்கிறோம்.

அப்படியானால் எந்தப் பத்திரிகையையும் நம்பக் கூடாது, எல்லாரும் பொய்யர்கள் என்று ஒதுங்கிவிடலாமா? கூடாது. ஆதாரமின்றி ஒட்டுமொத்தமாகச் செய்தியாளர்களைப் பழிப்பதும் நாம் மேலே பார்த்த மூன்றாவது குற்றமே. ஜேனட் குக்கின் பொய் வெளிவரக் காரணமாக இருந்தவர்கள் வேறொரு பத்திரிகையைச் சேர்ந்தவர்கள். ரெலோட்டியுஸைக் கண்டுபிடித்தவர் மொரேனோ. மழையிலும் வெயிலிலும் நின்று, மிரட்டலைத் தாங்கி, ஓர் ஏழையின் வழக்கை நமக்குச் சொல்லும் செய்தியாளர்கள் பலர் உண்டு. அவர்களுக்காக நாம் மன்றாட வேண்டும். அவர்களுடைய உழைப்புக்கு உரிய விலையைக் கொடுத்து வாசிக்கவும் வேண்டும்.

2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதராக உயர்த்தினார். நம் மண்ணின் மறைச்சாட்சி தேவசகாயம் அவர்களுள் ஒருவர் என்பது நமக்கெல்லாம் தெரியும். அவரோடு அதே நாளில் உயர்த்தப்பட்ட மற்றொருவர் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா. நெதர்லாந்து நாட்டுக் கார்மேல் சபைக் குரு, பேராசிரியர், கத்தோலிக்கச் செய்தியாளர்களின் ஆன்ம வழிகாட்டி. அவருடைய நாட்டை நாத்சிகள் பிடித்திருந்த காலத்தில், தங்கள் கட்சியின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகளும் வெளியிட வேண்டும் என்று நெருக்கினார்கள். ஆயர்களின் சார்பாகப் பிராண்ட்ஸ்மா ஒவ்வோர் ஆசிரியராகச் சந்தித்து, வெளியிட மறுக்கும்படி கேட்டுக்கொண்டார். 1942 ஜனவரியில் கைதானார். ஜூலை 26 அன்று டாக்காவ் வதை முகாமில் நச்சு ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். தேவசகாயமோ அரச துரோகம் என்ற பொய்க் குற்றச்சாட்டைச் சுமந்து, சித்திரவதைகளை அனுபவித்து, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒருவர் பொய்யை அச்சிட விடாததால் இறந்தார். மற்றவர் தம்மேல் சொல்லப்பட்ட பொய்யைச் சுமந்து இறந்தார். ஒரே பீடத்தில், ஒரே நாளில் திருஅவை இருவரையும் நம் முன் நிறுத்தியது.

இவர்களுடைய வழியில் நாம் என்ன செய்யலாம்? ஒரு செய்தி வந்ததும், இதை நேரில் பார்த்தவர் யார் என்று கேட்போம். யார்மேல் குற்றம் சொல்லப்படுகிறதோ அவருடைய பதில் அதில் இருக்கிறதா என்று பார்ப்போம். இந்தச் செய்தி நமக்கு இவ்வளவு இனிப்பாக இருப்பதேன் என்று நம்மையே கேட்போம். பிற மதத்தவரைப் பற்றி, வேறு சாதியினரைப் பற்றி, வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி, பக்கத்துப் பங்கைப் பற்றி வருகிற செய்தி என்றால் இருமடங்கு கவனம் வேண்டும். அன்பியக் கூட்டத்தில் பேசுமுன் ஒரு நாள் பொறுத்திருந்தால் நட்டமில்லை.

அனுப்பிய செய்தி பொய் என்று தெரிந்துவிட்டால்? பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்தாலும் ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை என்று மறைக்கல்வி நூலின் 2487ஆம் எண் சொல்கிறது. பொய்யை எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும். எந்தக் குழுவில் அனுப்பினோமோ அதே குழுவில், அதே பெயரோடு. 'டெர் ஸ்பீகல்' தன் அவமானத்தைத் தன் பக்கங்களிலேயே விரிவாக அச்சிட்டது. ஃபெர்கஸ் ஃபால்ஸுக்கு வேறொரு செய்தியாளரை அனுப்பி, அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, உண்மையில் அவர்கள் யார் என்பதை எழுத வைத்தது. ஓர் உலக இதழுக்கு அது முடிந்ததென்றால், ஒரு குடும்பக் குழுவில் இரண்டு வரி எழுத நமக்கும் முடியும்.

பிலாத்துவின் முன் நம் ஆண்டவர் நின்றபோது, உண்மைக்குச் சான்று பகரவே தாம் உலகிற்கு வந்ததாகச் சொன்னார். அதற்கு முந்திய இரவில் தலைமைச் சங்கத்தில் அவருக்கு எதிராகப் பலர் பொய்ச்சான்று சொன்னார்கள். அவர்களுடைய சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று மாற்கு எழுதுகிறார். ஒத்துவரவில்லை என்று தெரிந்தும் அங்கே எவரும் எழுந்து, 'சற்றுப் பொறுங்கள், விசாரிப்போம்' என்று சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் சிலுவை தயாரானது. நமக்கு அடுத்திருப்பவர்மேல் பொய் சொல்லப்படும் இடத்தில் எழுந்து நிற்கிற ஒருவராக ஆண்டவர் நம்மை ஆக்குவாராக. உண்மையின் ஆவியார் நம் கண்ணையும் காதையும் நாவையும் கைவிரல்களையும் காப்பாராக. ஆமென்.